ஒரு சுவரையாவது நகர்த்த முடியுமா?

ரிட்டயரான ஆசாமி ஒருவர் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க சாலிடேர் சீட்டு அடுக்கினாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுடோகு போட்டால் ‘மூளைக்கு நல்லது’ என்று பாராட்டு கிடைக்கும். சீரியலில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதை ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை பார்த்தால் அது குடும்ப வழக்கம். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவன் ‘டூம்’ என்ற பழைய துப்பாக்கி விளையாட்டை ஆடுகிறான், அதோடு நிற்காமல் அதற்குப் புதுப்புது லெவல்களை வரைந்து சேர்க்கிறான் என்று தெரிந்தால் மட்டும், ‘சாருக்கு என்ன ஆச்சு?’ என்று லிஃப்டில் கிசுகிசுக்கிறார்கள்.

சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்ஷன் ஒழுங்காக வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் இதை எழுதுவது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. ‘வீடியோ கேம்’ என்ற ஒரே சாக்கில் பத்துவிதமான சரக்கைப் போட்டுக் கட்டி, மேலே ‘கெட்டது’ என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சாக்கை அவிழ்த்துப் பிரிக்காததால் நஷ்டப்படுவது நம் பேரப்பிள்ளைகள். அதுதான் என் வழக்கு.

முதலில் டூம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்னக் கம்பெனி. 1993 டிசம்பர் 10-ஆம் தேதி அவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டை ஏற்றி வைத்தார்கள். முதல் பாகம், அதாவது ஒன்பது லெவல்கள், இலவசம். பிடித்திருந்தால் மீதியைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 386 ப்ராஸசரும் நாலு எம்.பி. மெமரியும் இருந்தால் ஓடும். திரையில் குறுக்கே 320 புள்ளி, நெடுக்கே 200 புள்ளி, மொத்தம் 256 வண்ணங்கள். அதற்குள் ஒரு சிப்பாய், அவன் கையில் துப்பாக்கி, எதிரே பூதங்கள். சென்னையில் நான் இதை முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். ஃபிளாப்பியில் கைமாறி வந்தது. அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் சாமான் வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும்.

துப்பாக்கியும் பூதமும் இதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. டூம் வேறுபட்டது ஒரு நிர்வாகக் காரியத்தில். கோப்பு பராமரித்தவன் என்பதால் அது எனக்குச் சட்டென்று புரிந்தது. விளையாட்டை ஓட்டும் இயந்திரத்தைத் தனியாகவும், அறைகள், சுவர்கள், படங்கள், சத்தங்கள் எல்லாவற்றையும் ‘வாட்’ என்ற தனிக் கோப்பிலும் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் இவர்கள் வெளியிட்ட ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’யில் ஆட்டக்காரர்கள் உள்ளே புகுந்து சுவரை மாற்றி, படத்தை மாற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேறு முதலாளியாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பார். தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் அதற்கு நேர்மாறாகச் செய்தார். அவர்கள் சுலபமாக மாற்றட்டும் என்று வசதி பண்ணிக்கொடுத்தார். கம்பெனிக்குள்ளேயே சிலருக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் கதவு திறந்தது.

திறந்த கதவில் முதலில் நுழைந்தவர்கள் யார் தெரியுமா? நியூஸிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் வைபர், பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தைச் சேர்ந்த ரஃபயேல் கினே. இந்த இரண்டு பேர் சேர்ந்து, கம்பெனியிடமிருந்து ஒரு பைசா வாங்காமல், லெவல் வரைவதற்கான கருவியை 1994 தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘டியூ’ என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்த இரண்டாவது பெயரைப் பார்த்ததும் ஒரு சின்னச் சந்தோஷம், மறைப்பானேன்! ஐந்து வருஷத்துக்குள், 1997 டிசம்பரில், கார்மாக் விளையாட்டின் மூல நிரலையே பொதுவில் வைத்தார். 1999-ல் அது முழுச் சுதந்திரத்தோடு ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. அதனால்தான் 1994-ல் யாரோ ஒரு கல்லூரி மாணவன் வரைந்த லெவல் இன்றைக்கு என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதே வருஷம் நம் அலுவலகங்களில் கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியல்களில் எத்தனை இன்று திறக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது லெவல் வரைவது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ‘சுட்டுத் தள்ளும் விளையாட்டு’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

மேலிருந்து பார்க்கும் வரைபடம்போல ஒரு வெற்றுத்தாள் திரையில் வரும். அதில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடுகளால் சேர்க்க வேண்டும். கோடு சுற்றி வந்து மூடினால் ஓர் அறை. மூடாவிட்டால் அறை இல்லை, குழப்பம்தான். மார்கழியில் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அறைக்கும் மூன்று எண்கள் உண்டு: தரை எவ்வளவு உயரம், கூரை எவ்வளவு உயரம், வெளிச்சம் எவ்வளவு. வெளிச்சத்துக்கு 0 என்றால் கும்மிருட்டு, 255 என்றால் உச்சி வெயில். கதவு என்பது என்ன? தரையும் கூரையும் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன அறை. திறக்கும்போது அதன் கூரை மேலே போகிறது, அவ்வளவுதான். லிஃப்ட் என்பது தரை இறங்கி ஏறும் அறை. இப்படி எல்லாவற்றையும் தரை, கூரை, கோடு என்ற மூன்றே பொருளில் யோசிக்க வேண்டும்.

விளையாட்டின் சிப்பாய் 56 அலகு உயரம், 32 அலகு அகலம். ஐந்தரை அடி ஆள் என்று வைத்தால் பத்து அலகு ஓர் அடி. அந்தக் கணக்கில் அவர் மூன்றடிக்குமேல் அகலம், அதாவது நம் கல்யாணச் சமையல்காரர் மாதிரி ஆகிருதி. 24 அலகு உயரப் படியை அவர் அனாயாசமாக ஏறுவார். அது ஏறக்குறைய இரண்டரை அடி. என் முழங்காலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 25 அலகு வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட ஏற மாட்டார். விதி என்றால் விதி.

நான் வேலை பார்த்த பழைய அலுவலகக் கட்டடத்தை லெவலாக வரைய உட்கார்ந்தபோதுதான் அந்தக் கட்டடத்தையே முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் நடந்த வராந்தா எத்தனை அடி அகலம்? இரண்டு பக்கமும் பீரோக்கள் நின்றதால் நிஜத்தில் நாலடிதான் வழி. நாற்பது அலகு. சிப்பாய் நுழைந்தால் எதிரே யாரும் வர முடியாது. நிஜத்திலும் அப்படித்தான் இருந்தது, தபால் கட்டோடு அட்டெண்டர் வந்தால் நாம் சுவரில் ஒட்டிக்கொள்வோம். ரெக்கார்டு ரூமுக்கு எத்தனை வெளிச்சம் கொடுப்பது? எண்பது கொடுத்தேன், அதுகூட அதிகம். நீலச் சாவியை எங்கே வைப்பது? சூப்பிரண்டெண்ட் மேஜைக்குப் பின்னால். அதை எடுத்தால்தான் அடுத்த கதவு திறக்கும், அடுத்த கதவுக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் சாவிதான் முதலில் நின்ற கதவைத் திறக்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நடைமுறை புதிதல்ல.

இது வெட்டிவேலையா? பொழுதை வீணாக்குவதா? இப்படிக் கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஆடும் விளையாட்டில் ஒரு சுவரையாவது உங்களால் நகர்த்த முடியுமா?

நம் பழைய விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். கோயில் மண்டபங்களில் தரைக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் கீறியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. அந்தக் கட்டத்தை யாரும் கடையில் வாங்கவில்லை. ஆட நினைத்தவனே உளியோ ஆணியோ எடுத்துக் கீறினான். தாயத்துக்குக் கரிக்கட்டையால் கோடு போட்டோம். பாண்டி ஆட மண்ணில் குச்சியால் கட்டம் போட்டார்கள். நம் தேனாம்பேட்டைச் சந்துகளில் பையன்கள் ஆடிய கிரிக்கெட்டுக்கு எந்த வாரியம் விதி எழுதியது? மாடி வீட்டுக்குள் பந்து போனால் அவுட், சாக்கடையில் விழுந்தால் இரண்டு ரன், சுவரில் பட்டு வந்ததை ஒற்றைக் கையால் பிடித்தால் கேட்ச். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு சட்டப் புத்தகம். அந்தச் சந்தின் அகலத்துக்கும் அந்த வீட்டுக்காரரின் கோபத்துக்கும் ஏற்றபடி அங்கிருந்த பிள்ளைகளே எழுதியது. ஆட்டத்தை அமைப்பதும் ஆடுவதும் நம்மிடம் ஒரே காரியமாக இருந்தது. டூம் லெவல் வரைவது அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. போனில் வரும் பூட்டிய பெட்டிதான் இடையில் புகுந்த புதிய வழக்கம். நம் பெரியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சில் சீட்டு ஆடுவதற்கும், வயலின் வாசிப்பதற்கும், நாடகத்தில் நடிப்பதற்கும் ஒரே வினைச்சொல்: ‘ழுவே’. சின்ன வயதில் அதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. பிறகு பார்த்தால் தமிழின் ‘ஆடு’ அதைவிடப் பெரிய குடும்பம். தாயம் ஆடுகிறோம், ஊஞ்சல் ஆடுகிறோம், பரதம் ஆடுகிறோம், நீராடுகிறோம், உரையாடுகிறோம், கொண்டாடுகிறோம். சூது சேர்ந்தால் மட்டும் சூதாட்டம். வேறுபாட்டை மொழியே முன்னால் போட்டு வைத்திருக்கிறது. அதை மறந்தது நாம்.

சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்களை நான் குறை சொல்லவில்லை. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளை நாம் எல்லோரும் படித்தோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், இந்தத் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025-ல் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை தடை, ஆதார் சரிபார்ப்பு என்று மாநில அரசு விதிகள் போட, அவற்றை ஜூனில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போய், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டே கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. எல்லாம் நல்லதே.

ஆனால் கவனியுங்கள். சட்டம்கூடப் பணம் வைத்து ஆடுவதை வேறாகவும் மற்ற விளையாட்டுகளை வேறாகவும் பிரித்துத்தான் எழுதியிருக்கிறது. குமாஸ்தா வேலை பார்த்தவன் வரையறைப் பிரிவை முதலில் படிப்பான். வீட்டில்தான் யாரும் படிப்பதில்லை. ‘கேமா? அதைத்தான் கவர்மென்டே தடை பண்ணிட்டாங்களே’ என்று ஒரு நண்பர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் வாசலில் பரமபதம் விற்றால் அதையும் போலீசில் சொல்லுவார் போலிருக்கிறது.

அடுத்து, வன்முறை. இதை நான் மழுப்பப் போவதில்லை. டூமில் ரத்தம் உண்டு. சுட்டால் பூதம் விழும். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் நான் இதைக் காட்ட மாட்டேன். 1999-ல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் பன்னிரண்டு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த இருவரில் ஒருவன் டூம் ஆடியவன், லெவல்களும் செய்தவன். இதை மறைத்துவிட்டு நான் வாதாடினால் அது நேர்மை அல்ல. ஆனால் அதே வருஷங்களில் உலகம் முழுவதும் எண்ணற்ற பிள்ளைகள் லெவல் செய்தார்கள். அவர்கள் வளர்ந்து எஞ்சினியர்களாகவும் வாத்தியார்களாகவும் தாத்தாக்களாகவும் ஆனார்கள். அவனுக்கு விளையாட்டைக் கொடுத்தது யார் என்று கேட்டவர்கள், நிஜத் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்று அதே சத்தத்தில் கேட்கவில்லை. ஜெர்மனி 1994-ல் டூமை இளைஞர்களுக்கு ஆகாத பொருட்களின் பட்டியலில் வைத்தது. 2011-ல் தானே அதிலிருந்து நீக்கியது. அதே 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. விளையாட்டுதான் வன்முறைக்குக் காரணம் என்று காட்டிய ஆய்வுகள் அதை நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

அமெரிக்காவை விடுங்கள். தீபாவளிக்கு நமக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக்கொடுத்தது யார்? அப்பாதானே? தெருவெல்லாம் ‘டுமீல் டுமீல்’ என்று ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டோம். எத்தனை பேர் கொலைகாரர்களானோம்? சூரசம்ஹாரம் பார்க்கக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறோமே, அங்கே என்ன நடக்கிறது, சமாதானப் பேச்சுவார்த்தையா? அரிவாளால் கழுத்தை வெட்டும் படத்துக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து டிக்கெட் எடுத்துப் போகிறோம், பாப்கார்ன் கொறிக்கிறோம், இடைவேளையில் ‘ஃபைட் நல்லா இருக்கு’ என்கிறோம். அங்கே வராத கவலை, கடுகளவு புள்ளிகளால் ஆன ஒரு பழைய பூதத்தைப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. ஒரு பூதம்கூட இல்லாமல் லெவல் செய்யலாம். துப்பாக்கி இல்லாமல் வெறுமனே நடந்து பார்க்கும் வீடாகச் செய்யலாம். முதன்முதலாக லெவல் செய்கிறவர்கள் உலகம் முழுக்க எதை வரைகிறார்கள் தெரியுமா? தங்கள் சொந்த வீட்டை. அந்த வழக்கத்தையே கருவாக வைத்து 2023-ல் ‘மைஹவுஸ்’ என்று ஒரு லெவல் வந்தது. சாதாரண வீடு போலத் தொடங்கும், சுற்றச் சுற்ற வீடு தானாக மாறிக்கொண்டே போகும். விளையாட்டுக்கு முப்பது வயது நெருங்கியபிறகும் அதற்குள் புதிதாகச் சொல்ல ஒருவருக்கு விஷயம் இருந்திருக்கிறது. டூமின் பழைய லெவல்களை வரைந்த ஜான் ரொமெரோவே 2019-லும் 2023-லும் மறுபடி புது லெவல்கள் வரைந்து வெளியிட்டார். அவரும் இளைஞர் அல்ல.

இப்போது என் வழக்கின் முக்கியமான பகுதி.

எங்கள் அடுக்ககத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். போன மே மாத விடுமுறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், ‘தாத்தா, நான் ஒண்ணு வரையட்டா?’ என்றான். பூதம் எதுவும் வேண்டாம், முதலில் இடத்தைக் கட்டு என்றேன். அவன் தேர்ந்தெடுத்தது நம் ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோ ஸ்டேஷன். அண்ணா சாலையிலிருந்து படி இறங்கினால் டிக்கெட் எடுக்கும் தளம், அதற்குக் கீழே ரயில் நிற்கும் நடைமேடை. வரைய ஆரம்பித்த அன்றே முட்டிக்கொண்டான். ஏனென்றால் டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. ஓர் இடத்துக்கு ஒரு தரை, ஒரு கூரை, அவ்வளவுதான். அன்றைய கம்ப்யூட்டரின் வேகத்துக்கு ஏற்றபடி அப்படி அமைத்தார்கள். நான் விடையைச் சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள், நடைமேடையைக் கீழே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைத்தான். லிஃப்டுக்குள் நுழைந்தால் ஆளை அங்கே கொண்டுபோய்ப் போடும்படி டெலிபோர்ட் வைத்தான். நடக்கிறவனுக்குக் கீழே இறங்கியதாகவே தோன்றும்.

படிக்கட்டில் சிப்பாய் ஏறவில்லை. ‘ஏன் தாத்தா மாட்டேங்கிறான்?’ ‘நீயே குறைச்சுக் குறைச்சுப் பாருடா.’ 32 வைத்துப் பார்த்தான், 28 வைத்துப் பார்த்தான், 24-ல் ஏறினான். பிறகு 400 அலகு ஆழத்துக்கு 16 அலகு படி என்றால் எத்தனை படி என்று நோட்டில் வகுத்தான். இருபத்தைந்து. பள்ளிக்கூடக் கணக்கில் இந்த வகுத்தலைப் போடச் சொன்னால் கொட்டாவி விடுகிறவன், ஸ்டேஷனுக்குப் போய் நிஜப் படிகளை எண்ணிவிட்டு வந்தான். செக்யூரிட்டி என்ன நினைத்தாரோ!

மூன்றாவது வாரம் அவன் அம்மா வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ‘மாமா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. துப்பாக்கி விளையாட்டெல்லாம் வேண்டாம்னு அவங்க அப்பா சொல்றார்.’ சரிம்மா என்றேன். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை, வேறென்ன சொல்ல?

பையன் இப்போது என்ன செய்கிறான்? போன் ஆடுகிறான். அதிலும் துப்பாக்கிதான், இதைவிடப் பெரிய துப்பாக்கி. ஆனால் அது ‘எல்லாப் பசங்களும் ஆடறது’. பிறந்தநாளுக்குப் பாட்டி கொடுத்த ஆயிரத்து ஐநூறு ரூபாயில் ஒரு சட்டை வாங்கினான். தனக்கு அல்ல, திரையில் ஓடுகிற ஆளுக்கு. அந்தச் சட்டையைத் தொட முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது. அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினால் சட்டையும் போச்சு. அவன் வரைந்த மெட்ரோ ஸ்டேஷன் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. பாதி நடைமேடையோடு.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. துப்பாக்கியைத் தடுத்ததாக நினைத்தார்கள். தடுத்தது பென்சிலை. துப்பாக்கி அப்படியே கையில் இருக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடும் விளையாட்டுகளின் பூர்வீகத்தைப் பாருங்கள். 2000-க்குப் பிறகு சென்னையின் பிரௌஸிங் சென்டர்களில் விடிய விடிய ஆடிய ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’, 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் ‘ஹாஃப் லைஃப்’ என்ற விளையாட்டை மாற்றிச் செய்தது. அந்த ஹாஃப் லைஃபில் லெவல் வரைந்தவர்களில் ஒருவரான டாரியோ கசாலி, அதற்கு முன் தன் சகோதரரோடு சேர்ந்து டூமுக்கு வீட்டில் உட்கார்ந்து லெவல் செய்து, 1996-ல் ‘ஃபைனல் டூம்’ தொகுப்பில் பாதியைக் கொடுத்தவர். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்ததே ‘பப்ஜி மொபைல்’, அதன் மூலம் என்ன? பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் ‘ஆர்மா’ என்ற போர் விளையாட்டில் பொழுதுபோக்காகச் செய்த மாற்றம்தான். பிறத்தியார் விளையாட்டின் சுவரை நகர்த்திப் பழகியவர்கள் பிறகு சொந்த வீடு கட்டினார்கள். நம் பிள்ளைகள் அந்த வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வருஷா வருஷம் இத்தனை எஞ்சினியர்களை உற்பத்தி செய்யும் ஊரில் நாம் ஏன் எப்போதும் வாடகை கொடுக்கிற பக்கமே நிற்கிறோம்?

‘அதற்குத்தான் கோடிங் கிளாஸ் அனுப்புகிறோமே’ என்பார்கள். அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் பாடமும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் கட்டளையை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குவது வேறு. நடைமேடையை எங்கே வைப்பது என்று மூன்று நாள் தூங்காமல் யோசிப்பது வேறு. இரண்டாவதற்கு மார்க் இல்லை, அதனால் அதற்கு வீட்டில் மதிப்பும் இல்லை.

‘இப்போது ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் எல்லாம் வந்துவிட்டதே, அதிலும் பிள்ளைகள் கட்டுகிறார்களே’ என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றும் கட்டாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கம்பெனியின் வேலிக்குள், கம்பெனியின் நிலத்தில், கம்பெனியின் காசில் புழங்கிக் கட்டுவது குத்தகை. பட்டா வேறு, குத்தகை வேறு என்பது நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டூம் லெவல் ஒரு சின்னக் கோப்பு. பென் டிரைவில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். முப்பது வருஷம் கழித்துத் திறக்கலாம். யார் அனுமதியும் வேண்டாம்.

செலவும் இல்லை. ‘ஃப்ரீடூம்’ என்று ஒன்று இருக்கிறது. படங்கள், சத்தங்கள், லெவல்கள் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் புதிதாகச் செய்து இலவசமாகக் கொடுத்தது. திருட்டுப் பிரதி அல்ல, சட்டப்படி நமக்கே உரியது. வரைவதற்கு ‘அல்டிமேட் டூம் பில்டர்’, ‘சிலேட்’ என்று கருவிகள் உண்டு, அவையும் இலவசம். பழைய கம்ப்யூட்டரே போதும். மகன் புது லேப்டாப் வாங்கியபிறகு பரணில் ஏற்றிவைத்திருப்பீர்களே, அதை இறக்குங்கள். முதல் சில நாள் தலை சுற்றும், உண்மை. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆடாதீர்கள். வரைவதற்குத் தலை சுற்றாது.

இதனால் ஞாபகசக்தி பெருகும், மறதி நோய் வராது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நான் டாக்டர் இல்லை, அப்படிச் சொல்லி எதையாவது விற்கவும் நான் வரவில்லை. நான் கேட்பது ஒரு வேறுபாட்டை மட்டும். விளையாட்டு என்று கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதில் பணம் போகிறதா? போனால் நிறுத்துங்கள். இதைத் திறந்து பார்க்க முடியுமா? முடியாவிட்டால் நேரத்தை அளந்து கொடுங்கள். பிள்ளை இதில் எதையாவது தன் கையால் செய்கிறானா? செய்தால், அதில் துப்பாக்கி இருந்தாலும் பூதம் இருந்தாலும், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். என்ன வரைகிறான், ஏன் அந்தக் கதவை அங்கே வைத்தான் என்று கேளுங்கள். பேரனோ பேத்தியோ நம்மிடம் இருபது நிமிஷம் தொடர்ந்து பேசுவதற்கு இந்தக் காலத்தில் வேறு எத்தனை வழி இருக்கிறது?

நம் தலைமுறை பிள்ளைகளுக்குப் பூட்டிய பெட்டிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் பெட்டியையே வெறித்துப் பார்க்கிறார்கள் என்று புலம்புகிறது. சாவி இருக்கும் பெட்டி ஒன்று முப்பது வருஷமாக நம் பரணில் கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க என்ன தடை?